நகல்பெட்டியில் ஒரு ஞாயிறு

பிப்ரவரி 11, புதன், காலை 9.40. இணைப்புகள்: 312.

அக்காவுக்கு,

நான் நலம். அப்பா நலம், காது மட்டும் பழையபடி. நீயும் அத்தானும் நலமா என்று கேட்டுவிட்டேன். முகமன் முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

முடியாது.

நீ கேட்டது என்ன? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், உன் வீடியோ அழைப்புக்கு மட்டும் என் கோபுரத்தில் தனி வழி. ஒரு வரி எழுதினால் போதும், அரை நிமிஷ வேலை. அரை நிமிஷ வேலை என்பதால்தான் முடியாது. எனக்கு மொத்த இணைப்பு தரும் பெரிய கம்பெனியோடு ஒரு வருஷமாக இதற்குத்தான் மல்லுக்கட்டுகிறேன். அவர்கள் வீடியோவுக்கு வேகவழி, மற்றவர்களுடையது பின்னால் நிற்கட்டும் என்று கையெழுத்துக் கேட்கிறார்கள். கம்பியில்லாமல் முந்நூறு வீட்டுக்கு இணையம் கொடுக்கிற சுண்டைக்காய் நான். ஆனாலும் மாட்டேன் என்றேன். எவர் வீட்டுத் தகவல் பொட்டலமானாலும் வந்த வரிசையில் போகும். எதையும் முன்னால் தள்ளமாட்டேன், எதையும் பிரித்துப் பார்க்கமாட்டேன். அப்படிச் சொன்ன வாயோடு என் அக்காவுக்கு மட்டும் பின்கதவைத் திறந்தால் நான் யார்?

அப்பா உன் பக்கம்தான். "பெத்த பொண்ணு மூஞ்சியப் பாக்க உங்கிட்ட மனு போடணுமாடா?" என்றார். "போட்டாலும் வரிசையிலதாம்பா" என்றேன். இரண்டு நாள் பேச்சில்லை.

கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. போன் அவருக்குக் கேட்காது. காது மெஷின் விசிலடிக்கிறது என்று கழற்றி வைத்துவிடுகிறார். உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு. நேரலையில் படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். திக்கித் திக்கி நிற்கும் உதட்டை யார் படிப்பது?

அதனால் வேறு வழி. நீ பேசிப் பதிவு செய்து அனுப்பு. மெதுவாக வந்து சேரட்டும், முழுசாக வரும். அவர் வேண்டிய மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். டிவியில் ஒரு பட்டனை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

கோபம் வந்தால் எழுது, கூப்பிடாதே. போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் சண்டை என்றுதானே இந்தக் கடித ஏற்பாடே.

தம்பி


பிப்ரவரி 16

என் அவசரக்காரனுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருங்கள். உலகத்திலேயே நலம் விசாரித்த அடுத்த வரியில் 'முடியாது' என்று எழுதுகிற ஒரே ஆள் நீதான். சிரித்துவிட்டேன். ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரி என்ன என்று கேட்டாள். "எங்க வீட்ல ஒரு நீதிபதி இருக்கான், அவன் தீர்ப்பு வந்திருக்கு" என்றேன்.

சரி, பதிவு செய்தே அனுப்புகிறேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் நல்லதுதான். அப்பாவிடம் சிலது சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிக்காத பேச்சை எடுத்தால் காது கேட்காத மாதிரி உட்கார்ந்துவிடுவார், உனக்குத் தெரியாதா? என் கல்யாணப் பேச்சின்போது ஆறு மாசம் அவருக்குக் காதே இல்லை. 'வீட்டை விட்டுப் போறேம்ப்பா' என்றபோதுகூட 'என்னம்மா, பேப்பரா?' என்று செய்தித்தாளை எடுத்து நீட்டினார். அம்மா இருந்திருந்தால் எழுதிக் காட்டியிருப்பாள். திரையில் என்றால் நான் முடிக்கும்வரை நான்தான் பேசுவேன்.

ஒரு நிபந்தனை. அது அப்பாவுக்கு மட்டும். நீ பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்க்கமாட்டேன் என்று உலகத்துக்கே சொல்கிறாயே, என்னுடையதையும் பிரிக்காதே.

உன் இருமல் நின்றதா? கோபுரத்தில் நீ ஏறாதே, அதற்குத்தான் உன் கையாள் ஏணி இருக்கிறானே.

அக்கா


மார்ச் 3, செவ்வாய், மாலை 4.15. இணைப்புகள்: 309.

அக்காவுக்கு,

நலம். இருமல் நின்றது. அத்தான் நலமா? போன கடிதத்திலும் கேட்டேன்.

உன் முதல் பதிவு ஞாயிறு காலை 6.12க்கு ஏறியது. நான் பார்க்கவில்லை, சத்தியம். அப்பா பார்ப்பதைத்தான் சமையலறையிலிருந்து பார்த்தேன். நாற்காலியை டிவிக்கு முழங்கை தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்தடுத்து நான்கு முறை. உன் உதட்டோடு அவர் உதடும் அசைந்தது.

இனி இப்படித்தான். ஒவ்வொரு வாரமும் அதே பெயரில் ஏற்று. புதியது பழையதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். அப்பா எதையும் தேட வேண்டாம்: சிவப்புப் பட்டன், வருவது நீ. ஏறியதும் எனக்கு அறிவிப்பு வரும், அவரிடம் சொல்லிவிடுவேன்.

தொழில் செய்தி. கையெழுத்துப் போடாததற்குப் பெரிய கம்பெனி இணைப்புக் குழாயை நெரிக்க ஆரம்பித்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு மேல் எல்லார் வீட்டிலும் படம் சுற்றிச் சுற்றி நிற்கிறது. வீடியோ கம்பெனிகள் பெரிய சேவைக்காரர்களுக்குத் தங்கள் நகல்பெட்டியைத் தாங்களே கொண்டுவந்து வைக்கிறார்கள். ஒருவர் பார்த்ததை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் வெளியே போகாமல் அங்கிருந்தே கொடுக்கும் பெட்டி. நானும் எழுதிக் கேட்டேன். 'உங்கள் அளவு போதாது' என்று ஒரு வரி பதில். போங்கடா என்று பழைய சர்வர் ஒன்றில் நானே கட்டிவிட்டேன். நம் வீடும் அதன் வழியாகத்தான், நமக்கென்று சலுகை கிடையாது.

அதிலும் ஒரு வேலை காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கோப்பும் ஒரு சீட்டோடு வரும்: 'என்னை ஒரு மணி நேரம் வைத்திரு, பிறகு புதியது இருக்கிறதா என்று கேள்' என்று. அந்தச் சீட்டைப் படிக்காதே என்று பெட்டிக்குச் சொல்லிவிட்டேன். ஒருமுறை வந்தது வந்ததுதான், நான் கையால் அழிக்கும்வரை உள்ளே இருக்கும். வெளியே போகும் பாரம் பாதியாகக் குறைந்துவிட்டது. "பழசையே குடுத்துக்கிட்டு இருந்தா?" என்றான் ஏணி. "வீடியோ என்ன பாலா, திரிஞ்சு போக?" என்றேன். வாயை மூடிக்கொண்டு கோபுரத்தில் ஏறினான்.

தம்பி


மார்ச் 6

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீ சுகமாக இருப்பதைக் கண்ணால் கண்டேன்.

தம்பி டிவியில் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறான். ஒரு சொல்கூட விடாமல் படித்தேன். நீல ஸ்வெட்டர் உனக்கு எடுப்பாக இருக்கிறது. இடது கை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்திருக்கிறது. கத்தரித்துவிடு, இழுக்காதே. பின்னால் ஜன்னலில் மழை. மேஜையில் பிளாஸ்க் திறந்தே இருந்தது. பேசி முடித்ததும் மூடினாயா?

நூலகத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைப்பதுதான் வேலை. 'முப்பத்தோரு வருஷம் ஆவணக் காப்பறையில இருந்தவர் கை, தப்பாது' என்று நூலகர் அம்மா சொன்னார். உன்னிடம் சொல்லிக்கொள்ளத் தோன்றியது.

கழுத்தை மூடிக்கொள். அங்கே குளிர் அதிகம் போலிருக்கிறது.

அப்பா


மார்ச் 18

அவசரக்காரனுக்கு,

நலமா? அப்பா நலமா? அவர் கடிதம் வந்தது. தபாலில்! உறையைக் கிழிக்க மனசு வராமல் கத்தரிக்கோல் தேடினேன். நூலையும் அதே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன் என்று சொல்.

போன ஞாயிறு அனுப்பியதைப் பார்த்தாரா? பதினைந்தாம் தேதி அனுப்பியது. ஏதாவது சொன்னாரா? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. பார்த்த பிறகு முகம் எப்படி இருந்தது என்று மட்டும் எழுது. உடனே எழுது. எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவன், இதில் மட்டும் தாமதிக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 25, புதன், காலை 11.05. இணைப்புகள்: 301.

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் காற்று காரணம், இரண்டு டிஷ் திரும்பிக்கொண்டன. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

பார்த்தார். பதினைந்தாம் தேதி ஐந்து முறை, இருபத்திரண்டாம் தேதி மூன்று முறை. பதிவேடு எண்ணிக்கை சொல்லும், முகம் சொல்லாது. நீ முகத்தைக் கேட்டதால் சொல்கிறேன்: எப்போதும் போலத்தான். எதுவும் சொல்லவில்லை.

ஒன்று வேண்டுமானால் உண்டு. இருபத்திரண்டாம் தேதி பார்த்துவிட்டு, "டேய், இது போன வாரம் வந்ததுதானே?" என்றார்.

"இல்லப்பா, புதுசு."

"அப்படியா? எனக்கென்னவோ..."

நான் அவசரமாகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போனை எடுத்து அறிவிப்பைக் காட்டினேன். "பாருங்க, இன்னைக்குக் காலையில 6.20. போன வாரம் 6.05. அதுக்கு முந்தின வாரம் 6.31. எல்லாம் வேற வேற. நீங்க மறந்துட்டீங்க."

போனைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ஆமா, நேரம் வேறதான்" என்று திருப்பிக் கொடுத்தார். வயசாகிறது, வேறென்ன.

தம்பி


ஏப்ரல் 17

அன்பு மகளுக்கு,

நான் சுகம். உன் சுகமே என் சுகம்.

வாராவாரம் உன் பேச்சைப் பார்க்கிறேன். எல்லாம் தெளிவாக இருக்கிறது. எல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நீல ஸ்வெட்டர், ஜன்னல், மழை. நீ சொன்னவற்றை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நான் உடனே பதில் எழுதவில்லை என்றால் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

நூலகத்தில் வேலை கொஞ்சம் அதிகம். ஒவ்வொரு புத்தகத்தையும் இரண்டு தரம் சரிபார்த்து வைக்கிறேன். வேறு ஒன்றுமில்லை.

மருமகனையும் கேட்டதாகச் சொல்.

அப்பா


மே 11

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

ஆய்வக ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை பதிவு எப்போதும்போல வரும். பழையதெல்லாம் என் போனில் அப்படியே கிடக்கிறது. அழிக்கலாம் என்று எடுப்பேன், மனசு வராது.

அக்கா


ஜூன் 2, செவ்வாய், மதியம் 1.30. இணைப்புகள்: 274.

அக்காவுக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. முழு நலமில்லை.

அப்பா நூலக வேலையை விட்டுவிட்டார். கேட்டால் "கண்ணு வலிக்குது" என்கிறார். நூலகர் அம்மா வீட்டுக்கே வந்து கேட்டார்கள். காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தரம் எழுந்து போய்ப் பார்க்கிறார். பையில் ஒரு சின்ன நோட்டு, எதையாவது எழுதிக்கொண்டே இருக்கிறார். என்னவென்று எட்டிப் பார்த்தால் மூடிவிடுகிறார். "ஏம்ப்பா, தெருமுனை கடைக்குப் போயிட்டு வாங்களேன்" என்றால் "நீயே போயிட்டு வந்துரு, எனக்கு வழி..." என்று பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். தினமும் சிவப்புப் பட்டன். சில நாள் இரண்டு தரம்.

இந்த நேரத்தில் நீ இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நான் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதை அவ முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருந்தாளோ?" எனக்கென்ன தெரியும், நான்தான் பார்ப்பதில்லையே. "சொல்லியிருப்பாப்பா" என்றேன்.

ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். பத்து நாள் போதும். அத்தான் சமாளித்துக்கொள்ளமாட்டாரா?

குழாய் இன்னும் நெரிகிறது. முப்பத்தெட்டு வீடு பெரிய கம்பெனிப் பக்கம் போய்விட்டது. நகல்பெட்டி இல்லாவிட்டால் மிச்சமும் போயிருக்கும்.

தம்பி


ஜூலை 4, சனி, காலை 8.00.

அக்காவுக்கு,

இன்றோடு ஏழு நாள். எண்ணிக்கை எழுதவில்லை. நலமும் கேட்கவில்லை.

போனில் சொன்னதுதான்: போன சனிக்கிழமை மாலை, டிவி முன்னால், நாற்காலியில். நெஞ்சு. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரிமோட் கையில் இருந்தது.

இரண்டு விமானம் மாறினால் முப்பது மணி நேரத்தில் வந்திருக்கலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் வைத்திருந்தோம். ஏணி வாசலிலேயே நின்று வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தான். நீ வரவில்லை. 'என்னால் முடியாது' என்று இரண்டு சொல். என்னைப்போல ஆகிவிட்டாய் போலிருக்கிறது. நான் வீடியோ அழைப்பு விஷயத்தில் சொன்னதை நீ அப்பா விஷயத்தில் சொல்லிவிட்டாய்.

ஞாயிறு காலை அறிவிப்பு வரவில்லை. அதைக்கூட எதிர்பார்த்தேன், முட்டாள்.

தம்பி


ஜூலை 26

தம்பிக்கு,

நீ நலமாக இரு. சாப்பிடு.

உன் கடிதத்துக்கு இருபத்திரண்டு நாள் பதில் எழுதவில்லை. அப்பாவைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமே என்றுதான். இப்போதும் குறை சொல்லவில்லை.

உன் அத்தான் போன நவம்பரில் போய்விட்டார். வேறு ஊர், வேறு வீடு. திரும்பி வரமாட்டார். உன்னிடம் சொன்னால் அடுத்த நிமிஷமே அப்பாவிடம் எழுதிக் காட்டியிருப்பாய், அதனால் சொல்லவில்லை. அப்பா வேண்டாம் என்று சொன்ன கல்யாணம். நானே என் வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தேன். மார்ச் பதினைந்தாம் தேதி சொன்னேன். 'நான் வீட்டுக்கு வந்துரட்டுமாப்பா? வான்னு ஒரு வார்த்தை எழுதுங்க, போதும்' என்று கேட்டேன். அடுத்த ஞாயிறும் கேட்டேன்.

நீ எழுதினாய், 'இது போன வாரம் வந்ததுதானே' என்று கேட்டார் என்று. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குக் காது கேட்கவில்லை. பழைய மாதிரியே. ஏப்ரலில் கடிதம் வந்தது, ஓடி வந்து பிரித்தேன். நீல ஸ்வெட்டர் என்று எழுதியிருந்தார். அந்த ஸ்வெட்டரை முதல் வாரம் மட்டும்தான் போட்டிருந்தேன். பிறகெல்லாம் பச்சைக் கோட்டு. மழையும் முதல் வாரம் மட்டும்தான். மருமகனைக் கேட்டதாகச் சொல் என்றும் எழுதியிருந்தார். எதையும் நான் கேட்கவே இல்லை என்பது போல. அதற்கு மேலும் இரண்டு ஞாயிறு கேட்டேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

உயிரோடு இருந்தபோது வா என்று சொல்லாத வீட்டுக்கு, அவர் இல்லாதபோது எந்த முகத்தோடு வருவேன்? அதனால்தான் முடியாது என்றேன். கோபத்தில் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 2, ஞாயிறு, பிற்பகல் 3.10. நூற்று நாற்பத்து மூன்று முறை.

அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்து மேஜைக்காரி இருந்தால் அவளையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

நீல ஸ்வெட்டர் முதல் வாரம் மட்டும்தான் என்று எழுதியிருந்தாய். அந்த வரியில் நின்றுவிட்டேன். நேரே நகல்பெட்டியின் பதிவேட்டைத் திறந்தேன். மார்ச் 1 முதல் ஜூன் 27 வரை சிவப்புப் பட்டன் கேட்டது 143 முறை. வெளியே போய்க் கொண்டுவந்தது ஒரு முறை. பெட்டியிலிருந்தே கொடுத்தது 142 முறை.

நீ பதினேழு ஞாயிறு பேசினாய். அப்பா பார்த்தது ஒரு ஞாயிறு.

சீட்டைப் படிக்காதே என்று பெட்டிக்குச் சொன்னவன் நான். அதே பெயரில் ஏற்று என்று உனக்குச் சொன்னவனும் நான். இரண்டையும் ஒரே கடிதத்தில் பெருமையாக எழுதியிருக்கிறேன், எடுத்துப் பார். புதியது வந்ததா என்று பெட்டி ஒருநாளும் கேட்கவில்லை. உன் கேள்வி வீட்டு வாசல்வரைகூட வரவில்லை, அக்கா. அவர் காது கேட்காத மாதிரி உட்காரவில்லை. அவருக்கு நிஜமாகவே கேட்கவில்லை.

இன்று உன் சொல்லை மீறினேன். பெட்டியில் இருந்ததைப் போட்டுப் பார்த்தேன். நீல ஸ்வெட்டர், மழை, திறந்த பிளாஸ்க். ஒன்பது நிமிஷம் வானிலை, பஸ், ஆய்வகம். கடைசியில் சொல்கிறாய்: "இன்னைக்கு சும்மாதாம்ப்பா. அடுத்த வாரம் உங்ககிட்ட நிறைய சொல்லணும்." இதைத்தான் 143 முறை பார்த்திருக்கிறார். பிறகு வெளிச் சர்வரில் இருந்ததையும் பார்த்தேன், ஜூன் 21, பச்சைக் கோட்டு. "பதில் எழுத வேண்டாம்ப்பா. பாத்தீங்கன்னாலே போதும்" என்கிறாய்.

இன்னும் இருக்கிறது. மறைத்தால் நான் மறுபடியும் அதே பெட்டிதான்.

அப்பாவின் நோட்டு அவர் சட்டைப் பையில் இருந்தது. இதுவரை திறக்கவில்லை, பிறர் பொட்டலம் என்று. இன்று திறந்தேன். அவர் எழுதியபடியே எழுதுகிறேன்:

'மார்ச் 8. புதியது என்றான். போன வாரத்தது போலவே இருந்தது.

மார்ச் 22. கேட்டேன். நேரத்தைக் காட்டினான். மறந்துவிட்டீர்கள் என்றான். இருக்கும்.

ஏப்ரல் 12. ஸ்வெட்டர், மழை, பிளாஸ்க். அடுத்து என்ன சொல்வாள் என்று முன்கூட்டியே தெரிகிறது. புதிதாக எதுவும் தலையில் நிற்கவில்லை. தம்பியிடம் சொல்லக் கூடாது, பயப்படுவான்.

மே 5. தனியாகப் போய் டாக்டரைப் பார்த்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னேன். ஒரு குறையும் இல்லை என்றார். வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கினேன். அதேதான். டாக்டருக்குத் தெரியவில்லை.

மே 19. நூலகத்தில் சொல்லிவிட்டேன். இடம் மாற்றி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம். அந்தப் பாவம் வேண்டாம்.

ஜூன் 14. அவளை வரச் சொல்லி எழுதலாமா? வந்த பிறகு ஒருநாள் அவள் முகமே மறந்துவிட்டால்? வேண்டாம். அங்கே நன்றாக இருக்கிறாள்.'

ஜூன் 14க்குப் பிறகு பக்கம் காலி.

அவர் மூளையில் ஒரு தூசி இல்லை. ஒரே படத்தை ஒரே படம் என்று சரியாகச் சொன்னவர் இந்த வீட்டில் அவர் ஒருவர்தான். நான்தான் போனைக் காட்டி, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொன்னேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். உட்கார்ந்து ஒன்பது நிமிஷம் அவரோடு பார்த்திருந்தால் இரண்டு ஞாயிற்றில் எனக்குத் தெரிந்திருக்கும்.

பெரிய கம்பெனியைத் திட்டித் திட்டியே காலம் போக்கினேன். அவர்கள் பிறர் பொட்டலத்தைத் தாமதமாகக் கொடுத்தார்கள். நான் பழையதைப் புதியது என்று சொல்லிக் கொடுத்தேன். எல்லாரையும் சமமாக நடத்தினேன் என்பது மட்டும் உண்மை. 274 வீட்டுக்கும் அதே பெட்டி, அதே பொய்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், தெரியும். செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. பெட்டியில் அந்த விதியை இன்று 2.50க்கு அழித்துவிட்டேன். இனி சீட்டில் எழுதியபடிதான் நடக்கும். குழாய் அடைத்தால் அடைக்கட்டும்.

2. நாளையிலிருந்து வீடு வீடாகப் போவேன். மார்ச்சிலிருந்து என் பெட்டி உங்களுக்குப் பழையதைக் கொடுத்திருக்கலாம், எது வராமல் போனது என்று பாருங்கள் என்று சொல்வேன். எத்தனை வீடு மிஞ்சுகிறதோ மிஞ்சட்டும்.

3. நூலகர் அம்மாவிடம் போய், அப்பா ஏன் நின்றார் என்று சொல்வேன். அவர் கடைசியாக வைத்த புத்தகங்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்பேன். இருக்கும்.

4. முதல் ஞாயிறை அழிக்கமாட்டேன். பெட்டிக்கு வெளியே இரண்டு நகல் எடுத்தாகிவிட்டது.

5. மிச்சப் பதினாறும் உன் போனில் இருக்கின்றன. இணையத்தில் அனுப்பாதே. கையில் கொண்டு வா. வா என்று அவர் எழுதாத சொல்லை அவருக்காக எழுத எனக்கு உரிமை இல்லை. இது நான் சொல்வது. வா. வரும் நாள் உன் இஷ்டம், நான் அவசரப்படுத்தமாட்டேன்.

6. நீ வந்ததும், நீ அனுமதித்தால், அப்பாவின் நாற்காலியை டிவிக்கு முழங்கை தூரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பதினேழு ஞாயிறையும் வந்த வரிசையில், எழுந்திருக்காமல் பார்ப்பேன்.

தம்பி